அரச நாய் ஆசனம் கவர்ந்த சருக்கம்

இபார் ஆற்றங்கரைப் பள்ளத்தாக்குகளைச் செர்பிய மன்னன் பேரால் ஆண்டவனும், உழுகிறவன் முதுகில் சாட்டையால் நீதி எழுதியவனும், பன்றிக்கொழுப்பும் தேன்மதுவும் பாய்ந்து பெருத்த பேருதரனுமாகிய மண்டலாதிபதி தேசிமிர் வாழ்க! அவன் பொருத பெரும்போரைப் பாடப் புகுந்தோம். கலைமகளே, உனக்கு வேறு வேலை இருந்தால் போய்ப் பார். இதற்கு நாங்களே போதும்.

பனிக்காலந்தோறும் மன்னன் வருவான். அவன் வாசல் மிதிக்கையில் அதிபதி தன் ஆசனத்தை விட்டு எழ வேண்டும். மன்னன் "உட்கார்" என்றால் இன்னோர் ஆண்டு பதவி நிலைக்கும். சொல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். எழுவதற்கு முதலில் உட்கார்ந்திருக்க வேண்டும் அல்லவா?

அன்றோ, பரிவாரத்துக்கு முன்னே வந்துசேர்ந்த அரச வேட்டைநாய்களுள் ஒன்று, மலைச்சரிவில் உருண்டு நின்ற பாறையன்ன சாம்பல்நிறப் பேருடலது, அவ்வாசனத்து ஓநாய்த்தோலின்மேல் சுருண்டு, குறட்டையெனும் போர்முரசம் முழக்கிக் கிடந்தது.

அடிக்கலாமா? ஆகாது. சென்ற பனிக்காலத்தில், தன் குடிசை புகுந்து ரொட்டியைத் தின்ற அரச நாயைத் துடைப்பத்தால் விரட்டிய விறகுவெட்டி கிராதோயேவைக் கம்பத்தில் கட்டிவைத்து, "அரச நாயைத் தொட்டவன் அரசனைத் தொட்டவன்! தொட்ட கை துண்டிக்கப்படும்!" என்று எண்டிசையும் அதிரப் பிரகடனம் செய்தவன் இதே தேசிமிர்தான்.

தொட்டது துடைப்பமே என்பதால் அன்று கை தப்பிய அந்தக் கிராதோயே இப்போது கணப்புக்கு விறகு இறக்கிவிட்டுச் சுவரோரம் நின்றான்.

"டேய், அதைக் கீழ எறக்கு" என்றான் தேசிமிர்.

"எனக்கு ரெண்டு கையும் வேணும் சாமி. விறகு வெட்டிப் பொழைக்கிறவன்."

சமையற்கட்டிலிருந்து சமையற்காரி ஸ்தானா எட்டிப் பார்த்து, கறியைக் காட்டினால் இறங்கும் என்றாள்.

ஆயினும், நால்வகை உபாயமும் கற்ற நாயகன் முதலில் சாமம் எடுத்து, தன் மனைவியிடமும் பேசியறியாத தேன்மொழி பேசினான். நாய் ஒரு காதை மட்டும் அசைத்தது. மன்னன் விருந்துக்கு வாட்டிய ஆட்டுத்தொடையைத் தானமாய் நீட்டினான், தின்றது, இறங்கவில்லை. பேதம் செய்யலாமென்றால் நாய்க்கும் நாற்காலிக்கும் மனஸ்தாபம் எதுவுமில்லை. தண்டமோ தன் சட்டத்தாலேயே செத்துப்போயிற்று.

"தின்னதெல்லாம் தின்னுட்டும் எடத்த விடல பாரு. பெரிய எடத்துப் பழக்கம்" என்று ஸ்தானா முணுமுணுத்தாள்.

வெளியே கொம்பு ஊதிற்று. கோட்டை மதிலேறும் குஞ்சரமென, கடல்மேற் கவிழும் கருமுகிலென, தேசிமிர் தன் பின்புறத்தில் ஒரு பாதியை ஆசனத்து விளிம்பில் பொருத்தினான். நாய் சோம்பல் முறித்துக் கால் நீட்டியது. மண்டலாதிபதி மண்ணில் விழுந்தான்.

கதவு திறந்தது. தோளில் பனியுடன் மன்னன் நுழைந்தான். எசமானின் வாடை அறிந்த நாய் ஆசனத்தின்மேல் கம்பீரமாய் எழுந்து நின்று வாலாட்டியது. மன்னன் முகம் மலர்ந்து அதன் தலையைத் தடவி, "உட்கார்" என்றான்.

நாய் உட்கார்ந்தது.