செங்கமலத்தின் காதில் ஒரு துளி

நான் கும்பிடாமல் எந்தக் காரியத்தையும் தொடங்குவதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்வதற்காகச் சொல்கிறேன். மூத்தவள் கனடாவுக்குப் போனபோது அவளுடைய பாஸ்போட் மூன்று கோயில்களில் சாமியின் காலடியில் இருந்துவிட்டுத்தான் விமானம் ஏறியது. சின்னவள் சோதனை எழுதின பேனைகளும் அப்படித்தான். கிணற்று மோட்டருக்குக்கூடத் திருநீறு பூசிப் பொட்டு வைத்தேன். (அது மூன்றாம் நாளே எரிந்துபோனது. எரிந்ததற்குக் காரணம் பொட்டு இல்லை என்று மோட்டர் திருத்தினவரே சொன்னார்.) எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தெரியாத விஷயம் எது வந்தாலும் முதலில் சாமியிடம் காட்டிவிடுவேன், பிறகுதான் தெரிந்தவர்களிடம் காட்டுவேன். அந்த ஒழுங்கு ஒரே ஒரு தடவைதான் என்னைக் கவிழ்த்தது. கவிழ்ந்தது நான், சாகப் பார்த்தது ஒரு குதிரை.

நாங்கள் இருப்பது நெடுந்தீவில். இங்கே குதிரைகள் வெட்டை வெளிகளில் தம்பாட்டில் திரியும், ஒருவருக்கும் சொந்தமில்லை. செங்கமலமும் பேருக்கு அப்படித்தான். ஒரு வறட்சிக் காலத்தில் தாயைப் பறிகொடுத்த குட்டியாக எங்கள் மாட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் குடிக்க வந்தாள். குடித்து முடிந்ததும் என் மனுசி பரமேஸ்வரிக்குப் பின்னால் குசினி வாசல்வரை நடந்தாள். பிறகு திரும்பிப் போகவேயில்லை. அதிகாரிகளிடம் போய்ச் சொன்னோம். "உங்களைத் தேடி வந்ததை நாங்கள் என்ன செய்யிறது? பத்திரமாய்ப் பாருங்கோ" என்று விட்டுவிட்டார்கள். மனுசி கூப்பிட்டால் ஓடிவருவாள். நான் கூப்பிட்டால் ஒரு காதை மட்டும் திருப்புவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பங்குனி மாதம், வயிற்றில் குட்டியோடு இருந்த செங்கமலம் தவிட்டு வாளியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த நாள் தலையைத் தொங்கப்போட்டபடி நின்றாள். பல்லைச் சுற்றின முரசு வெளிறிக் கிடந்தது. சலம் பெய்தால் அது பால் விடாத தேத்தண்ணி நிறத்தில் போனது. அதைக் கண்டதிலிருந்து பரமேஸ்வரியும் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து மிருக வைத்தியர் படகேறி வந்தார். என் மூத்தவளின் வயதிருக்கும், மெலிந்த பிள்ளை. செங்கமலத்தின் காது மடலைத் திருப்பி, ஒட்டியிருந்த உண்ணிகளை எனக்குக் காட்டினார்.

"உண்ணி கடிச்சு ரத்தத்துக்குள்ளை பூச்சி போயிருக்கலாம் ஐயா. அது சிவப்பணுவைத் தின்னும். அதுதான் இந்த வெளிறல்."

"அப்ப ஊசியைப் போடுங்கோவன் டொக்டர்."

"சந்தேகத்திலை போடுற ஊசி இல்லை அது. கடுமையான மருந்து. வயித்திலை குட்டியும் கிடக்கு. பூச்சியைக் கண்ணாலை கண்டால்தான் போடுவன்."

ஒரு துளி ரத்தம் எடுத்துக்கொண்டு போனவர் மறுநாள் தொலைபேசியில் பேசினார். ஒன்றும் பிடிபடவில்லையாம். தான் வந்தபோது காய்ச்சல் இறங்கியிருந்ததாம். காய்ச்சல் உச்சத்தில் நிற்கும்போது காது நுனியில் எடுக்கிற ரத்தத்தில்தான் பூச்சி அகப்படுமாம். அதற்காக ஒவ்வொரு நாளும் அவர் கடல் தாண்டி வர ஏலாது. இதை எதிர்பார்த்தோ என்னவோ, போகும்போதே ஊசியும் கண்ணாடித் தகடுகளும் காய்ச்சல் பார்க்கிற குழாயும் என்னிடம் தந்து, செய்முறையையும் காட்டிவிட்டுப் போயிருந்தார். காது நுனியில் குத்து, ஒரு துளி, அதை இன்னொரு தகட்டின் ஓரத்தால் மெல்லிசாக இழு, காயவிடு.

"மூண்டு விஷயம் ஐயா. ஈ மொய்க்கக் கூடாது. வெயில் படக்கூடாது. தண்ணி ஒரு துளிகூடப் படக்கூடாது. திருப்பிச் சொல்லுங்கோ பாப்பம்."

சொன்னேன். எட்டாம் வகுப்பில் வாய்பாடு சொன்னதைவிடத் திறமாகச் சொன்னேன்.

குதிரைக்குக் காய்ச்சல் பார்க்கிற குழாயை வாய்க்குள் வைப்பதில்லை. எங்கே வைப்பது என்பதை வாசிக்கிறவர்களே ஊகித்துக்கொள்ளலாம். குழாயில் ஒரு நூலைக் கட்டி வாலோடு பொருத்தவேண்டும். நான் வாலைத் தூக்கியதும் செங்கமலம் இருந்த கொஞ்சப் பலத்தையும் திரட்டி ஒரு விசிறு விசிறினாள். குழாய் பறந்துபோய்ச் சாணிக்குள் நட்டுக்கொண்டு நின்றது.

"அவளுக்கு வெக்கமாய்க் கிடக்கு. நீங்கள் அங்காலை போங்கோ" என்று பரமேஸ்வரி என்னை விரட்டிவிட்டுத் தானே பார்த்தாள். மத்தியானம் நூற்றைந்து காட்டியது.

முதல் குத்து என் பெருவிரலில் இறங்கியது. ("அதையும் ஒரு தகட்டிலை எடுத்து வையுங்கோ, உங்களுக்கும் பூச்சி இருக்கோ பாப்பம்" என்றாள் மனுசி.) இரண்டாவது குத்து காதில். மூன்று தகடுகளில் இழுத்துக் காயவைத்தேன். இளஞ்சிவப்பில் ஒரு தீற்றல், அவ்வளவுதான். பிஸ்கற் ரின்னுக்குள் அடுக்கி, ரின்னைப் பொலித்தீன் பையில் கட்டி வைத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலைப் படகில் கடல் ஆளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. நான் ரின்னைப் போட்டிருந்த சேட்டுக்குள் விட்டு, அதற்குமேல் சால்வையால் சுற்றி, படகுக்குள்ளேயே குடையை விரித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் குந்தியிருந்தேன்.

"என்ன அண்ணை, நகையோ?" என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார்.

"அதைவிடப் பெறுமதி" என்றேன்.

குறிகட்டுவான் துறையில் இறங்கி ரின்னைத் தடவிப் பார்த்தேன். ஒரு துளி படவில்லை. கடலையே ஏமாற்றிவிட்ட சந்தோசப் புளுகத்தோடு யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினேன். அங்கேதான் விதி சிரித்தது. பஸ் வேலணையால் போகும்போது வழியில் ஒரு சின்ன அம்மன் கோயில் வரும். நான் அந்தப் பக்கம் போகும் போதெல்லாம் இறங்கிக் கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போகிறவன். கொண்டக்டருக்கே தெரியும்.

ரத்தத்தைக் கோயிலுக்குள் கொண்டு போகலாமா என்று நான் யோசிக்காமல் இல்லை. யோசித்தேன். காய்ந்த ரத்தம், விரலடையாளம் அளவுக்கு ஒரு கறை, ரத்தம் என்று சொன்னால்தானே அது ரத்தம் என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். (அந்தத் தீர்ப்புக்காகவே எனக்கு நாலு அடி போட்டிருக்கவேண்டும்.) தகடுகளை எடுத்து அர்ச்சனைத் தட்டில் வெற்றிலைக்குக் கீழே வைத்தேன்.

"ஆருக்கு?" என்றார் ஐயர்.

"வீட்டிலை ஒரு ஆளுக்குச் சுகமில்லை ஐயா."

"பேர்?"

"செங்கமலம்."

"நட்சத்திரம்?"

செங்கமலம் எங்கள் வீட்டுக்கு வரும்போதே இரண்டு மாதக் குட்டி. நான் எங்கே போய் நட்சத்திரம் பார்க்க? குதிரைக்குப் பொருத்தமாக "அச்சுவினி" என்றேன். ஐயர் உள்ளே போய்ச் செங்கமலத்தின் பேரைச் சொல்லி மனம் உருக அர்ச்சித்தார். பூப் போட்டார். குங்குமம் போட்டார். கடைசியில் தீர்த்தத்தை எடுத்துத் தட்டுக்கு மேல் தாராளமாகத் தெளித்தார். அவர் வஞ்சகமில்லாத மனுசன், யாருக்கும் குறைத்துத் தெளிக்கமாட்டார்.

தட்டு கைக்கு வந்தபோது தகடுகள் நனைந்திருந்தன. நான் பதறினேனா? இல்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அம்மாளே தொட்டுப் பார்த்துவிட்டாள், இனி என்ன குறை என்று நினைத்து, தகடுகளை வாயால் ஊதிக் காயவைத்து ரின்னுக்குள் அடுக்கிக்கொண்டு அடுத்த பஸ் ஏறினேன்.

டொக்டர் தகடுகளைச் சாயத்தில் தோய்த்துக் கழுவி நுணுக்குக்காட்டியில் வைத்தார். பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அடுத்ததை வைத்தார். வேலைக்கு நின்ற அக்காவைக் கூப்பிட்டு அவருக்கும் காட்டினார்.

"ஐயா, இது தண்ணி பட்டிருக்கு."

"இல்லை டொக்டர். சத்தியமாய் இல்லை. படகுக்குள்ளை குடை பிடிச்சுக்கொண்டெல்லோ வந்தனான்."

"சிவப்பணு ஒண்டுகூட மிச்சமில்லை. எல்லாம் வெடிச்சுப் போச்சு. தண்ணி படாமல் இப்பிடி வராது. அதோடை இந்தச் சிவப்புத் தூள் என்னது?"

"குங்குமம்."

"இந்த மஞ்சள்?"

"சந்தனமாயிருக்கும்."

"சாம்பல் மாதிரி இது?"

"திருநீறு டொக்டர்."

அவர் கண்ணை நுணுக்குக்காட்டியிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தார்.

"கோயிலுக்குக் கொண்டு போனனீங்களோ?"

"ஓம். ஆனால் தண்ணி பட இல்லை டொக்டர்" என்றேன், நெஞ்சில் கை வைத்து. "தீர்த்தம்தான் பட்டது."

அந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். விறாந்தையில் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. டொக்டர் சிரிக்கவில்லை. கதிரையில் சாய்ந்து, "ஐயா, இண்டையோடை எத்தினை நாள் அது சாப்பிட இல்லை?" என்று கேட்டார்.

"ஆறு நாள்."

"இன்னும் ரெண்டு மூண்டு நாள்தான் தாங்கும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை நான் பக்தி செய்துகொண்டிருந்தேன். குதிரை செத்துக்கொண்டிருந்தது. கண் கலங்கிவிட்டது, ஆனால் அழுதுகொண்டு நின்றால் பின்னேரப் படகு போய்விடும்.

"பிள்ளை, எனக்கு இன்னும் மூண்டு தகடு தாங்கோ. நாளையிண்டைக்குக் காலமை கொண்டு வாறன். தண்ணியும் படாது, தீர்த்தமும் படாது."

வீட்டுக்கு வந்து பரமேஸ்வரியிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். செங்கமலத்தின் நெற்றியைத் தடவிக்கொண்டே, "கேட்டியே பிள்ளை, உன்ரை பேரிலை அர்ச்சனை செய்திருக்கிறாராம்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் செங்கமலம் எழும்பவில்லை. படுத்தபடியே கிடந்தாள். காதைப் பிடித்தபோது அவள் விசிறவும் இல்லை, அதுதான் என்னைப் பயப்படுத்தியது. குத்தினேன். ரத்தம் தண்ணீர் மாதிரி வெளிறி வந்தது. பரமேஸ்வரி ஈ விரட்ட, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். கும்பிடவேண்டியதை எல்லாம் குத்துவதற்கு முதலே கும்பிட்டு முடித்துவிட்டேன். நெற்றித் திருநீற்றையும் துடைத்தேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து வெறும் நெற்றியோடு நான் வெளிக்கிட்டது அந்தப் பயணம் ஒன்றுதான்.

அடுத்த நாள் காலை பஸ் வேலணைக்கு வந்தது. கொண்டக்டர் கேளாமலே மணி அடித்து நிறுத்தினார்.

"அண்ணை, கோயிலடி!"

நான் ரின்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்த இடத்தில் இருந்தேன்.

"அண்ணை, உங்களைத்தான். இறங்க இல்லையோ?"

"இண்டைக்கு இல்லைத் தம்பி. பஸ்ஸை எடுக்கச் சொல்லும்."

"ஏன், அம்மாளோடை கோவமோ? நெத்தியும் வெறுமையாய்க் கிடக்கு!"

பஸ் முழுக்கச் சிரித்தது. பின் சீற்றிலிருந்த ஒருவர், "வேதத்துக்கு மாறிச் சேர்ச்சுக்குப் போறார் போலை" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு, "தாயே, இந்தமுறை நீ இதைத் தொடாதை, தூர நிண்டு பார்" என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். பஸ் அசைந்ததும் நெஞ்சு பிய்ந்துபோகிற மாதிரி இருந்தது. ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

டொக்டர் அன்றைக்கு அதிகநேரம் பார்க்கவில்லை. "ஐயா, வாங்கோ, வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டார். குனிந்து பார்த்தேன். வட்டவட்டமாகச் சிவப்பணுக்கள். ஒன்றுக்குள்ளே, இரண்டு வேப்பம் விதைகளை நுனியோடு நுனி ஒட்டி வைத்தாற்போல, நாவற்பழ நிறத்தில் இரண்டு புள்ளிகள். ஒரு குதிரையைச் சாய்க்கிற சாமான் இவ்வளவுதானா என்று இருந்தது. கை தன்பாட்டில் குவிந்துவிட்டது.

"ஐயா, இதைக் கும்பிடாதேங்கோ!" என்றார் டொக்டர். அன்றைக்கு அவரும் சிரித்தார்.

என்னோடு அதே பின்னேரப் படகில் மருந்தோடு வந்தார். ஊசி ஏறியதும் செங்கமலம் வாயால் எச்சில் வடித்து, வியர்த்து, கால்களை உதைத்தாள். இது மருந்தின் குணம், பயப்படவேண்டாம் என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தார். பரமேஸ்வரி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு தேவாரம் படித்தாள். நான் தள்ளியே நின்றேன், எதையாவது தொட்டுக் கெடுத்துவிடுவேனோ என்ற பயம். மறுநாள் பொழுது விடியும்போது செங்கமலம் எழும்பி வாளித் தண்ணீர் முழுவதையும் குடித்தாள். அன்றைக்குத்தான் பரமேஸ்வரியும் சோறு சாப்பிட்டாள். ஆவணியில் குட்டி பிறந்தது. மெலிவுதான், ஆனால் தன் காலில் நின்றது.

வேலணைக்குப் போய் ஐயரிடம் உள்ளதைச் சொல்லி, பிராயச்சித்தம் கேட்டேன். அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். பிறகு, "நான் அண்டைக்கு உம்மடை மகளெண்டு நினைச்செல்லோ அழுதழுது அர்ச்சனை செய்தனான்" என்றார். பிராயச்சித்தமும் செய்துவைத்தார். ஆனால் இன்றைக்கும் நான் தட்டைக் கொடுத்தால் முதலில் வெற்றிலையைத் தூக்கிக் கீழே பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். பின்னால் நிற்கிறவர்கள் காரணம் கேட்டால் அதையும் விபரமாகச் சொல்லுவார்.

வீட்டில் நிலைமை அதைவிட மோசம். கனடாவிலிருந்து மூத்தவள் பேசும்போது, அங்கே பனி கொட்டுகிறது என்று சொல்லாமல், தீர்த்தம் கொட்டுகிறது அப்பா என்கிறாள். போன மாரியில் ஓடு உடைந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த என் தலையில் மழை நேரே ஒழுகியது. நான் கதிரையை இழுத்துக்கொண்டு எழும்பினேன். பரமேஸ்வரி தன் சோற்றுக் கோப்பையை மட்டும் பத்திரமாக அந்தப் பக்கம் நகர்த்திவிட்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்:

"ஏன் எழும்புறியள்? சும்மா இருங்கோ. அது தண்ணி இல்லையெல்லே."