அலபாமா அண்ணையின் தக்காளிக் கிரேவி

உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் யாழ்ப்பாணத்துக்காரர் வீட்டில் கறித்தூள் இருக்கும். உடுத்திய துணியோடு தப்பி வந்தவர்கூட இடுப்பில் ஒரு பொட்டலம் முடிந்து கொண்டு வந்திருப்பார். எனக்குத் தெரிந்து இந்த விதியை உடைத்த ஒரே மனிதர் அலபாமா அண்ணை. மாண்ட்ரீல் நகரத்தில், லாசாலில் நாங்கள் இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், ஒரு சிட்டிகைத் தூள்கூட இல்லாமல் வருடக்கணக்காக உயிரோடு இருந்தார்.

அவர் அலபாமாவைப் பார்த்ததே இல்லை. அகதி வழக்கு முடியாததால் கனடா எல்லையைத் தாண்டவே வழியில்லை. ஆனால் அலபாமா போன்ற அமெரிக்கத் தென்மாநிலங்களில் காலைச் சாப்பாட்டுக்குச் செய்கிற தக்காளிக் கிரேவியை ஞாயிறு தவறாமல் செய்வார். வெண்ணெயை உருக்கி, கோதுமை மாவைப் போட்டுப் பழுப்பாகும்வரை வறுத்து, டின் தக்காளியைக் கையால் பிசைந்து சேர்த்து, பாலை ஊற்றி, உப்பும் மிளகும் தூவி இறக்கினால் முடிந்தது. வெங்காயம் கிடையாது. தாளிப்பு கிடையாது. அதை ஒரு சூடான பன் மேல் ஊற்றிச் சாப்பிட வேண்டும். அந்தப் பன்னை அங்கே பிஸ்கட் என்பார்களாம். டீயில் முக்குகிற பிஸ்கட் இல்லை. அசல் செய்முறையில் வெண்ணெய்க்குப் பதில் பன்றிக் கொழுப்பு. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணை முருகனுக்காக விட்டுக்கொடுத்திருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அந்தக் கட்டடத்துக்குக் குடிபோனேன். தருமபுரிப் பக்கத்துப் பெண் நான். அப்பா, அம்மா இருவரும் கைநாட்டு. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள், உதவித்தொகையில் முதுகலை படிக்கக் கனடாவரை போயிருந்தேன். அந்தப் பெருமையை நான் ஒளித்து வைத்ததில்லை, கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுவேன்.

போன முதல் வாரமே தீ எச்சரிக்கை மணி அடித்தது. கட்டடமே பனியில் இறங்கி நடுங்கிக்கொண்டு நின்றது. பாஸ்போர்ட்டைப் பிடித்தபடி சிலர், குழந்தையைப் பிடித்தபடி சிலர். கடைசியாக ஒருவர், கையில் வாணலியோடு இறங்கி வந்தார். பனியில் நின்றபடி அதைக் கிண்டிக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, உயிர் தப்பி வந்திருக்கோம். அதைக் கீழே வைக்கக் கூடாதா?" என்றேன்.

"விடேலாது, தங்கச்சி. கிண்டாட்டிக் கட்டிபட்டுப் போகும்."

தீயணைப்பு வீரர் ஒருவர் மோப்பம் பிடித்துக்கொண்டு நேரே அவரிடம் வந்தார். தீ எங்கும் இல்லை, மாவைத் தீய்த்தது இந்த ஆள்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அலபாமா அண்ணை கொஞ்சமும் கலங்காமல், "போன்ஜூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிக் கரண்டியை நீட்டினார். அந்த வெள்ளைக்காரர் ருசி பார்த்துவிட்டு, "மெர்சி" என்று மரியாதையாக நன்றி சொல்லி, மீசையைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். அபராதம் எதுவும் வரவில்லை. ருசிக்கு அதைவிட என்ன சான்றிதழ் வேண்டும் என்று அண்ணை அதற்குப் பிறகு வருடம் முழுக்கக் கேட்டார்.

கட்டடத்துத் தமிழர்கள் அதைப் 'போஸ்டர் பசை' என்றார்கள். அவர் அழைப்பார் என்ற பயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாருக்கும் விரதம் வந்தது. மூன்றாம் மாடியிலிருந்த நான் மட்டும் சிக்கினேன். மாணவி வயிறு அது, எதையும் ஏற்கும். உண்மையைச் சொன்னால், புளிப்பும் பாலும் வறுத்த மாவின் வாசனையுமாக அது எனக்குப் பிடித்தே போயிற்று. ஒரே ஒருமுறை ஊறுகாய் பாட்டிலை எடுத்துப் போனேன். அண்ணை முகம் இருண்டுவிட்டது.

"தங்கச்சி, நீர் படிச்ச பிள்ளை. நீரே இப்பிடிச் செய்யலாமோ?"

ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒருநாள் கேட்டேன். அவர் வந்திறங்கிய முதல் குளிர்காலத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினாராம். அங்கே சமையல்காரர் அலபாமாவிலிருந்து வந்த ஒரு பெரிய உருவம். முதல் நாள், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் நின்ற அண்ணையைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, இந்தக் கிரேவியை ஊற்றிக் கொடுத்தாராம்.

"அந்த மனுசன் கதைச்சது ஒரு சொல்லும் விளங்கேல்லை. சாப்பாடு விளங்கிச்சுது" என்றார்.

அகதி வழக்கு முடிந்து பேப்பர் கைக்கு வந்த வருடம் அண்ணைக்குக் கல்யாண ஆசையும் வந்தது. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. வந்த சம்பந்தங்கள் எல்லாம் கிரேவியோடு எழுந்து போயின. ஒரு பெண்ணின் மாமா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "மாப்பிள்ளைக்கு ஏதும் வயித்து வருத்தமோ?" என்று கேட்டுவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. கடைசியாக வந்தது வசந்தியின் சம்பந்தம். அதே நகரத்தில் அஹுன்ட்சிக் பக்கம் தையல் தொழிற்சாலையில் வேலை. வயது முப்பத்தைந்து. இதுவும் போனால் இனிப் பெண் பார்க்க மாட்டேன் என்று அண்ணை சொல்லிவிட்டார். சொன்னபோது சிரித்தார், கண் சிரிக்கவில்லை.

"அண்ணே, ஒரே ஒரு நாள் கோழிக்குழம்பு வையுங்க. கல்யாணம் முடிஞ்ச பிறகு உங்க கிரேவியிலேயே குளிங்க" என்று கெஞ்சினேன்.

"கட்டினாப் பிறகு தெரிஞ்சு அழுறதிலும் பார்க்க, இப்பவே தெரிஞ்சு ஓடட்டும், தங்கச்சி."

அந்த ஞாயிறு மதியம் அவர்கள் வருவதாகப் பேச்சு. எனக்குப் பசி காலையிலேயே வந்துவிட்டது. வழக்கம்போல நைட்டியோடு, ஈரத்தலையில் துண்டு கட்டி, கையில் தட்டுடன் பின்படிக்கட்டில் இறங்கி, கதவைத் தள்ளிக்கொண்டு, "அண்ணே, ரெடியா?" என்று உள்ளே நுழைந்தேன்.

பெண் வீட்டார் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார்கள். வசந்தி, அவளுடைய அண்ணன், அண்ணி. நான் வருவதற்குள் அந்த அண்ணி சமையலறையை ஆராய்ந்து முடித்து, தூள் இல்லை என்பதைக் கண்டுபிடித்திருந்தார். ஒரு யாழ்ப்பாண ஆண், தனியாள், வீட்டில் தூள் இல்லை, பாலும் மாவும் கலந்து சமைக்கிறான் என்றால் என்ன அர்த்தம்? ஒரே அர்த்தம்தான். வெள்ளைக்காரி ஒருத்தியை ஏற்கெனவே கட்டி ஒளித்து வைத்திருக்கிறான். அண்ணன் அலுமாரியைத் திறந்து குளிர்கோட்டுகளை ஒதுக்கித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் நான் தட்டோடு போய் நின்றேன்.

வெள்ளைக்காரியை எதிர்பார்த்தவர்களுக்கு என் நிறம் ஏமாற்றமாக இருந்திருக்கும். ஆனால் விட்டுவிடவில்லை.

"இது ஆர்?" என்றார் அண்ணன்.

அலபாமா அண்ணை கரண்டியால் மேலே காட்டினார். "இது... மேல்வீடு" என்றார்.

"மேல்வீட்டுக்காரர் கதவு தட்டாமலே வாறது?" என்றார் அண்ணி. "தலையும் முழுகி, தட்டும் கையுமா?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "நான் யாருன்னு நினைச்சீங்க? எங்க வம்சத்திலேயே முதல் முதலா படிச்சவ நான். இங்கே எம்.எஸ்ஸி. படிக்கிறேன்."

"பட்டம் கேக்கேல்லை, பிள்ளை. என்ன உறவு எண்டு கேட்டது" என்றார் அண்ணி.

அண்ணன் குளியலறைக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு, "பல்லுத் தீட்டுற பிரஷ் ஒண்டுதான் கிடக்கு" என்று நேர்மையாக அறிவித்தார்.

"மற்றதை ஒளிச்சிருப்பினம். எழும்புங்கோ, போவம்" என்றார் அண்ணி.

அலபாமா அண்ணை கரண்டியோடு நின்றார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பனியில் நின்ற அன்றுகூட அப்படி இல்லை.

வசந்தி எழுந்திருக்கவில்லை. இந்தக் கலவரம் முழுக்க அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இப்போது கிரேவியிலிருந்து கோலிக்குண்டு அளவில் ஒன்றைக் கரண்டியால் எடுத்து, தட்டின் ஓரத்தில் வைத்து அமுக்கினாள். உள்ளேயிருந்து காய்ந்த மாவு புகைபோலக் கிளம்பியது.

"அண்ணா, இஞ்ச வந்து பாருங்கோ. பொம்பிளை ஒருத்தி இருக்கிற வீட்டில மா இப்பிடிக் கட்டிபடுமோ?"

அண்ணன் குனிந்து பார்த்தார். அண்ணி கைப்பையை வைத்துவிட்டு வந்து, இன்னும் இரண்டு கட்டிகளை விரலால் நசுக்கிச் சோதித்தார். பிறகு, "ஓம். இது தனி ஆம்பிளையின்ர கைதான்" என்று தீர்ப்பளித்தார்.

தப்பித்துக்கொண்ட அந்த நொடியில் அலபாமா அண்ணைக்கு ரோஷம் வந்துவிட்டது. "அது கட்டி இல்லை. அலபாமாவில..." என்று தொடங்கினார். நான் அவர் காலை ஓங்கி மிதித்தேன்.

"பால் ஊத்தேக்க அடுப்பை விட்டு இறக்கினனீங்களோ?" என்று வசந்தி கேட்டாள்.

"இல்லை."

"அடுத்தமுறை இறக்குங்கோ."

அடுத்தமுறை என்ற சொல் அறைக்குள் விழுந்ததும் அண்ணன் போய் அலுமாரிக் கதவைச் சாத்தினார். அண்ணி மறுபடி உட்கார்ந்து, தனக்கும் ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

அஹுன்ட்சிக்கில் ஒரு சிறிய மண்டபத்தில் கல்யாணம். பெண்ணின் அண்ணன்தான் மாப்பிள்ளைத் தோழன். தலைப்பாகையோடு கம்பீரமாக இருந்தார். பெண் வீட்டார் பக்கம் நாற்காலி போதவில்லை. மாப்பிள்ளை பக்கம் கட்டடத்துக்காரர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து, சாப்பாடு என்னவாக இருக்கும் என்று கவலையோடு கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணையின் அம்மாவும் தங்கைகளும் யாழ்ப்பாணத்தில். சண்டைக்கு நடுவே யார் வரமுடியும்?

தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் சகோதரி தோழியாகப் பின்னால் நின்று விளக்குப் பிடிக்க வேண்டும். அது அவர்கள் வழக்கம். ஐயர் நிமிர்ந்து, "மாப்பிள்ளையின்ர சகோதரி எங்கை?" என்றார். தோழன் திரும்பி அண்ணியைப் பார்த்தார். அண்ணி என்னைப் பார்த்தார்.

அலபாமா அண்ணை மணவறையில் இருந்தபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல், "அவ எப்பவும் தட்டாமல் வாறவதானே. வரச் சொல்லுங்கோ" என்றார்.

புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனேன். விளக்கு நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.