பதினோரு மணி இன்டர்வியூவும் பதினான்கு பேர் செபமாலையும்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதம் நான் வேலையே இல்லாமல் வேலைக்குப் போனேன். போனேன் என்றால் வேறெங்கே, ராயபுரத்தில் எங்கள் வீட்டு உள்ளறைக்குத்தான். காலை ஒன்பதரைக்குக் குளித்து, தலை சீவி, லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிடுவேன். சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை போன விஷயம் எனக்கும் அம்மா அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். தெருவுக்கு நான் 'வொர்க் ஃப்ரம் ஹோம்'. (அம்மாவின் ஏற்பாடு. பொய் சொன்னதற்கு மாதாமாதம் சர்ச்சில் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவந்தார். பொய்யை மட்டும் விடவில்லை.)

நான் வேலை செய்வதுபோல் நடித்தேன், கம்பெனிகள் ஆள் எடுப்பதுபோல் நடித்தன. விளம்பரம் வரும், விண்ணப்பம் போகும், பதில் வராது. கடைசியில் ஒன்று வந்தது. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வீடியோ இன்டர்வியூ. கேள்வி கேட்கப்போவது மனிதர் இல்லையாம், ஏ.ஐ.யாம். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, வேறு குரல் கேட்கக் கூடாது, முகம் கேமராவை விட்டு நகர்ந்தால் ஆட்டம் முடிந்தது. இதை விட்டால் அடுத்தது எப்போது வருமோ என்ற பயத்தில் மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஹாலுக்கும் உள்ளறைக்கும் நடுவில் கதவு கிடையாது, திரைச்சீலைதான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆன அப்பாவுக்கு மெதுவாகப் பேச வராது. அவரைக் காசிமேட்டுக்கு மீன் வாங்க அனுப்பி, பன்னிரண்டுக்கு முன்னால் வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மேல்வீட்டில் போய் மிக்சி போடாதீர்கள் என்று கெஞ்சினேன். சத்தம் பதிவாகுமே என்று ஃபேனைக்கூட நிறுத்தினேன், அதுவும் மே மாதத்தில். இவ்வளவும் செய்த புத்திசாலி, முந்தின நாள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லித் தொலைத்தேன்.

"பதினொண்ணுலேந்து பதினொன்றரை வரைக்கும்மா. சத்தமே வரக் கூடாது. எனக்காக வேண்டிக்கோ."

எங்கள் தெருவில் யாரும் தனியாக வேண்டிக்கொள்வதில்லை. அதற்குத்தான் அன்பியம் இருக்கிறது, அதாவது பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக் குழு. யாருக்காவது ஆபரேஷன், பரீட்சை, பிரசவம் என்றால் மற்றவர்கள் அந்த வீட்டுக்கே வந்து, சரியாக அந்த நேரத்துக்குச் செபமாலை சொல்வார்கள். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்த நான்தான் வேண்டுதலையும் சொல்லி நேரத்தையும் சொன்னேன். வேலை போனதைச் சொல்ல முடியாத அம்மா, "பாப்பாவுக்கு பிரமோஷன் இன்டர்வியூ" என்று தெருவை அழைத்திருக்கிறார்.

பதினோரு மணிக்கு ஸ்கிரீனில் ஒரு சிரித்த முகம் வந்தது. பெரிய சிக்கல் ஒன்றை நான் எப்படிச் சமாளித்தேன் என்று ஆங்கிலத்தில் கேட்டது. அப்போதே ஹாலில் செருப்பு கழற்றும் சத்தம், பாய் விரிக்கும் சத்தம். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் மாதாவைப் பார்த்துப் பதினான்கு குரல்கள் ஒன்றாகச் சொல்லின: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

எழுந்தால் முகம் நகரும். கத்தினால் பதிவாகும். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. ஸ்கிரீன் முகம் நன்றி சொல்லிவிட்டு, இதைக் கொஞ்சம் விளக்க முடியுமா என்றது. அன்பியம் விளக்கியது. அதே பதில்தான், இன்னும் பக்தியாக. கேமராவுக்குத் தெரியாமல் காலை நீட்டித் திரைச்சீலையை உதைத்தேன். காற்று அடிக்கிறது என்று யாரோ எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்கள்.

முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்பது அடுத்த கேள்வி. செபத்துக்கு மேலே என் குரல் கேட்டாக வேண்டும் என்று தொண்டையைத் திறந்து வைத்துக்கொண்டேன். சரியாக அந்த நொடியில்தான் அவர்கள் மௌன செபத்துக்குப் போனார்கள்.

"ஐ வாஸ் லெய்ட் ஆஃப்! எய்ட் மன்த்ஸ்!"

(லே-ஆஃப் என்பதெல்லாம் இப்போது எங்கள் தெருவில் தமிழ்ச் சொல்தான்.) எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்காவின் குரல் வந்தது. "யக்கா, பிரமோஷன்னு சொன்னியே?"

ஸ்கிரீன் சிவந்து அணைந்தது. பத்து நிமிடத்தில் மெயில். பதில் சொல்வதற்குப் பிறர் உதவியை நாடியதாகத் தெரிவதால் என்னை நிராகரித்திருந்தார்கள். ஹாலுக்குப் போய் அதைத் தமிழில் சொல்லி, எல்லோர் முன்னாலும் அம்மாவைத் திட்டித் தீர்த்தேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அம்மா அசரவில்லை.

"மெய்தானே? மாதாவாண்ட உதவி கேட்டோம். இதுல இன்னா தப்பு கீது?"

ஸ்டெல்லா அக்கா செபமாலையை விரலில் சுற்றிக்கொண்டே தரையைப் பார்த்துச் சொன்னார். "எங்க வூட்லயும் அதான் பாப்பா. எம் புள்ள கிறிஸ்மஸ்லேந்து லேப்டாப்ப தொறந்து வெச்சிகினு சும்மாத்தான் ஒக்காந்துகினு கீறான். நான்தான் வெளிய சொல்லல."

இன்னொரு அம்மா தன் மருமகனைப் பற்றிச் சொன்னார். பிறகு மூலையிலிருந்து இன்னொருவர். எட்டு மாதமாக நான் தனியாகத் தோற்றுக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். சுவருக்குச் சுவர் ஆள் இருந்திருக்கிறார்கள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அந்த நேரம் பார்த்து அப்பா வஞ்சிரத்தோடு தெருமுனையிலிருந்தே கேட்டார். "முட்ஞ்சிதா? வேல கெட்ச்சிதா?" அந்த அன்பியத்தில் சேராத வீடுகளுக்கும் விஷயம் தெரிந்துபோனது.

அதுவும் நல்லதாகத்தான் போயிற்று. ஸ்டெல்லா அக்காவின் மகனுக்கு மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை கிடைத்தபோது, அங்கே சாஃப்ட்வேர் டெஸ்டிங்குக்கும் ஆள் தேடுகிறார்கள் என்று அவன் முதலில் என்னிடம்தான் வந்து சொன்னான். ரத்தமும் சதையுமான ஒருவர் டீ குடித்துக்கொண்டே கேள்வி கேட்டு என்னை எடுத்துக்கொண்டார். இன்றைக்கும் நான் வீட்டிலிருந்து மீட்டிங்கில் பேச வாயைத் திறந்தால், அப்பா அடுக்களையிலிருந்து "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பார்.

எங்கள் தெருவில் இப்போது வேலை போனால் யாரும் மறைப்பதில்லை. இன்டர்வியூ வந்தால் முதலில் அம்மாவிடம்தான் வந்து சொல்கிறார்கள். எந்தக் கம்பெனி, எந்தத் தேதி, எல்லாம் சொல்வார்கள். நேரத்தை மட்டும் சொல்லமாட்டார்கள்.