ஒரு சுவர், ஐந்து பிரதிகள்

அலமாரி ஓர் அங்குலம்கூட நகராது என்று ஒட்டகர் முடிவு செய்தார்.

பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். செக் நாட்டில் லித்தொவெல் ஊர்ப் பக்கத்தில் அது ராஜாக்கள் வைத்துக்கொண்ட பெயர். நம் காதில் விழும்போதுதான் அதற்குத் திமில் முளைக்கிறது. ஆனாலும் பெயருக்கேற்ற குணம் ஒன்று அவரிடம் இருந்தது. சுமக்கச் சொன்னால் சுமப்பார், நகரச் சொன்னால் நகரமாட்டார்.

அவருடைய வீடு மூன்றாவது மாடியில். கூடத்துக்கு நாலு சுவர். ஒன்றில் ஜன்னல், ஒன்றில் கதவு, ஒன்றில் வெந்நீர்க் குழாய் ஓடும் கணப்பு. மிச்சமிருந்த ஒரே உருப்படியான சுவரில் அந்த அலமாரி நின்றது. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். ஒட்டகர் வீட்டில் சித்திரம், அதாவது சினிமா, ஒன்றுதான், ஆனால் அதையே நாலு பிரதியாக அந்த அலமாரியில் வைத்துக்கொண்டு ஒரு சுவரை மறைத்திருந்தார்.

படத்தின் பெயர் 'பூதத்தின் தங்கை'. பச்சைக் கோட்டு போட்ட குளத்துப் பூதம், செத்தவர்களின் ஆவிகளைக் கவிழ்த்த கோப்பைகளுக்கு அடியில் அடைத்து வைத்திருக்கும். அதன் தங்கை தாலாட்டுப் பாடிக்கொண்டே ஒவ்வொரு கோப்பையாக நிமிர்த்தி ஆவிகளை விடுவிப்பாள். கிறிஸ்துமஸ் தவறாமல் டிவியில் போடுவார்கள். தேசமே செருப்பைக் கழற்றிவிட்டு சோபாவில் சாய்ந்து பிஸ்கட் தின்றபடி பார்க்கும். அந்த ஊர்ப் பிள்ளைகள் எழுத்துக்கு முன்னால் குளத்துக்குப் பயப்படக் கற்றுக்கொண்டதே இந்தப் படத்தால்தான்.

மற்றவர்கள் பார்ப்பார்கள், மறப்பார்கள். ஒட்டகர் வாங்குவார். மகள் பிறந்த வருஷம் டிவியிலிருந்து அவரே பதிவு செய்த கேசட் ஒன்று. கடையில் வாங்கிய கேசட் ஒன்று. செய்தித்தாளோடு இலவசமாக வந்த, காகித உறை போட்ட டிவிடி ஒன்று. பெட்டியில் வைத்து அலங்காரமாக வெளியிட்ட டிவிடி ஒன்று. நாலையும் ஒப்பிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாற்பது பக்கம் எழுதி வைத்திருந்தார். வேலை ரயில் நிலையத்தில் என்பதால் நோட்டு முழுக்க நிமிஷமும் நொடியுமாக இருக்கும். முதல் கேசட்டில் பூதம் பட்டாணிப் பச்சை. இரண்டாவதில் கொஞ்சம் நீலம் பூத்துவிட்டது. காகித உறையில் பாசி நிறம். அலங்காரப் பெட்டியில் கிளி. காகித உறையில் கல்யாண விருந்தின் இடது ஓரத்தில் நிற்கும் வாத்தை வெட்டிவிட்டார்கள். அலங்காரப் பெட்டியிலோ அகலத்திரைக்கு நீட்டுகிறோம் என்று மேலே நறுக்கியதில் ராஜாவின் கிரீடமே போய்விட்டது. "தலைக்கு வந்தது கிரீடத்தோடு போச்சு" என்று அவர் வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்வார். வருகிறவர்கள் அதனாலேயே சீக்கிரம் போகிறவர்களாக ஆனார்கள்.

இப்படி இருக்கையில் நவம்பரில் ஊர் இசைப்பள்ளியில் பழைய பியானோக்களைக் கழித்துவிட்டார்கள். தூக்கிப் போகத் தெம்புள்ளவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒட்டகரின் மனைவி யர்மிலாவுக்கு அதில் ஒன்று வேண்டும். அவள் பகலில் தபாலாபீசில் முத்திரை குத்துகிறவள். முப்பது வருஷமாக மாதாகோவில் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுகிறவளும் அவள்தான். சொந்தமாக ஒரு பியானோ என்பது சின்ன வயதிலிருந்தே அவளுக்குள் கிடந்த ஆசை. அதை அவள் இரண்டு முறைக்கு மேல் சொன்னதில்லை. இது மூன்றாவது முறை. பியானோவுக்குச் சுவர் வேண்டும். சுவர் ஒன்றுதான் இருக்கிறது.

"ஒண்ணை வச்சுக்கிட்டு மூணைக் குடுத்துடு. அலமாரியே வேண்டாம், மேசை இழுப்பறையே போதும்" என்றாள்.

"எதைக் குடுக்கிறது? நாலும் வேற வேற."

"நாலுலயும் அந்தப் பூதம் கடைசியில தோத்துத்தானே போகுது?"

"தோக்குற விதம் வேற, யர்கா" என்று செல்லப்பெயரைச் சொல்லிப் பார்த்தார்.

பேச்சு ஒரு வாரம் நீண்டது. மகள் ப்ர்னோ நகரத்திலிருந்து போன் செய்து அம்மா பக்கம் சேர்ந்துகொண்டாள். தன் பிறந்த வருஷத்துக் கேசட்டுக்குக்கூட அவள் இரங்கவில்லை என்பது ஒட்டகரை நோகடித்தது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. உதித்தபோது அது மகா புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

ஒரு பரீட்சை வைக்கலாம் என்றார். அவர் ஏதாவது ஒரு பிரதியைப் போடுவார். ஒரு நிமிஷம் ஓடும். அது எது என்று அவள் சொல்ல வேண்டும். ஐந்து சுற்று. ஐந்திலும் சரியாகச் சொன்னால் சுவர் அவளுக்கு. ஒன்று தப்பினாலும் அலமாரி அங்கேயே நிற்கும், பியானோப் பேச்சு வீட்டில் எழக்கூடாது. வித்தியாசமே தெரியாதவளுக்கு எதை வைப்பது, எதைக் கொடுப்பது என்று சொல்ல என்ன உரிமை? முப்பது வருஷமாக அந்தப் படம் ஓடும்போதெல்லாம் யர்மிலா பாதி நேரம் சமையலறையில் நிற்பாள். மீதி நேரம் பின்னல் ஊசியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். திரையை அவள் முழுசாகப் பார்த்த ஞாபகமே அவருக்கு இல்லை.

யர்மிலா உடனே சரி என்றாள். அந்த வேகம் ஒரு ரயில்வேக்காரருக்குச் சிவப்பு விளக்காகப் பட்டிருக்க வேண்டும். படவில்லை.

அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். பரீட்சைக்குக் குறித்த நாள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அவளுக்கு இருநூறு வனிலாப் பிறை பிஸ்கட் உருட்டிச் சுட்டெடுக்கிற வேலை இருக்கிறது. சமையலறையை விட்டு வர முடியாது. கதவைத் திறந்து வைத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டே பதில் சொல்கிறேன், பரவாயில்லையா என்று கேட்டாள். ஒட்டகருக்கு அவள்மேல் இரக்கமே வந்துவிட்டது. பார்க்காமலே பச்சையையும் நீலத்தையும் பிரிக்கப் போகிறவளோடு என்ன போட்டி என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார்.

நடுவராகக் கீழ்வீட்டு லுமீர் வந்தார். பூட்டு ரிப்பேர் செய்து ஓய்வு பெற்றவர், நேர்மையான மனிதர். உட்கார்ந்த உடனே அவர் முன்னால் ஒரு தட்டு பிறை வந்தது. நேர்மை கொஞ்சம் சமையலறைப் பக்கம் சாய்ந்ததை ஒட்டகர் கவனித்தார். ஆனாலும் நம்பிக்கை குறையவில்லை.

முதல் சுற்றில் மகள் பிறந்த வருஷத்துக் கேசட். தாலாட்டுப் பாட்டு வருகிற இடம். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"நீ பதிவு பண்ணினது" என்றது சமையலறை. "நாடா இழுத்துப்போய்க் கிடக்கு. பாடுறவ நாலு கிளாஸ் போட்டுட்டுப் பாடுற மாதிரி ஆடுறா."

லுமீர் ஒரு கோடு போட்டார். ஒட்டகர் காகித உறையை எடுத்துப் போட்டார்.

"செய்தித்தாளோட வந்தது. இரைச்சலைத் துடைக்கிறேன்னு அவ மூச்சையும் சேர்த்துத் துடைச்சுட்டாங்க. ஒரு பொம்பள மூச்சே விடாம மூணு அடி பாட முடியுமா, நீயே சொல்லு."

ஒட்டகர் நோட்டைத் திறந்து பார்த்தார். நாற்பது பக்கத்தில் மூச்சைப் பற்றி ஒரு வரி இல்லை. மூன்றாவது சுற்றுக்கு அவர் செய்த காரியத்தை இங்கே மறைப்பதற்கில்லை. வெளியே எடுப்பதுபோல் எடுத்து, அதே காகித உறை டிஸ்க்கையே திரும்பப் போட்டார். லுமீரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். லுமீர் பிறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சமையலறையில் மாவு உருளும் சத்தம் நிற்கவே இல்லை. "அதையேதான் திருப்பிப் போட்டிருக்க, ஓட்டா. லுமீர், அதை ஒரு சுத்தாவே எழுதிக்குங்க, பாவம்."

நாலாவது, அலங்காரப் பெட்டி. "இது எதிரொலி ஏத்தினது. குளத்தைத் தூக்கிக் கோயிலுக்குள்ள வச்ச மாதிரி இருக்கு" என்றாள். லுமீர் நாலாவது கோட்டை இழுத்தார்.

பாக்கி ஒரு சுற்று. கடைக் கேசட்டைப் போடலாம். ஆனால் அதில் அடியில் ஓடும் 'உம்ம்' என்ற முனகல் இப்போது ஒட்டகரின் காதுக்கே கேட்டது. வீட்டில் இரண்டாவது ஃபிரிட்ஜ் ஓடுகிற மாதிரி. இருபது வருஷமாகக் கேட்காதது இன்றைக்குக் கேட்கிறதே என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். ஒன்பது நாள் முன்னால் ஒட்டகர் ஐந்தாவது பிரதியையும் வாங்கிவிட்டார். மூல நெகட்டிவிலிருந்து புதிதாகச் செப்பனிட்ட ப்ளூரே. பனிக்கால பூட்ஸுக்குள் ஒளித்து வைத்திருந்தார். யர்மிலா பாட்டுப் பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் எடுத்துப் பார்த்தார். அப்படி ஒரு பச்சையை அவர் பார்த்ததில்லை. வாத்தும் இருந்தது, கிரீடமும் இருந்தது. பூதத்தின் கோட்டில் சொட்டும் ஒவ்வொரு துளியும் தனியாகத் தெரிந்தது. கண் கலங்கிப் போனார். ஒரே ஒரு விஷயம்தான் அவரை அரித்தது. இந்தப் பிரதி மற்றவற்றைவிட நாலு நிமிஷம் நீளம். நாலு நிமிஷத்துக்குக் கணக்கு தெரியாவிட்டால் ரயில்வேக்காரருக்குச் சோறு இறங்குமா? ஏதோ வெட்டிய காட்சியைச் சேர்த்திருக்கிறார்கள் என்று தேடினார். காட்சி காட்சியாகப் பழையதோடு வைத்துப் பார்த்தார். புதிதாக ஒரு காட்சியும் இல்லை. ஒரு வசனமும் இல்லை. ஆனாலும் நாலு நிமிஷம் அதிகம்.

வீட்டில் இருப்பதே தெரியாத ஒன்றை அவள் எப்படிப் பெயர் சொல்வாள்? அலங்காரப் பெட்டி என்பாள், தோற்பாள். அதற்கப்புறம் என்ன விளக்கம் சொல்வது என்பதை அவர் யோசிக்கவில்லை. பூட்ஸுக்குள் கைவிட்டு எடுத்தார். லுமீரிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். போட்டார்.

தங்கை குளக்கரையில் வந்து நின்றாள். முதல் கோப்பையை நிமிர்த்தினாள். பாடினாள்.

மாவு உருளும் சத்தம் நின்றது.

யர்மிலா கதவுக்கு வந்துவிட்டாள். கையெல்லாம் மாவும் சர்க்கரையும். திரையைப் பார்க்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இது நம்ம வீட்டுல இல்லாதது" என்றாள்.

ஒட்டகர் வாயைத் திறந்தார். அவள் மாவுக் கையை உயர்த்தி அடக்கினாள். லுமீர்கூட மெல்லுவதை நிறுத்தினார். பாட்டு முடிந்ததும் அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னாள். ஒன்பது வயதில் இந்த ஊர் சினிமாக் கொட்டகையில் இந்தப் படத்தை முதல் தடவை பார்த்தாளாம். வீட்டுக்கு வந்து பாடினாளாம். அந்தக் கிறிஸ்துமஸில் டிவியில் வந்தபோது பாட்டு அரைச் சுருதி மேலே இருந்ததாம். நீதான் தணித்துப் பாடுகிறாய், உன் ஞாபகம்தான் தப்பு என்று அக்கா சிரித்தாளாம். அதற்கப்புறம் எந்தக் கேசட்டும், எந்த டிவிடியும் அவள் பக்கம் சாட்சி சொல்லவில்லை.

"இத்தனை வருஷமா என் காதுலதான் கோளாறுன்னு நினைச்சிட்டிருந்தேன். நீ ஒவ்வொண்ணா வாங்கிட்டு வரும்போதெல்லாம் இதுலயாவது சரியா இருக்கும்னு சமையலறையில நின்னு கேட்பேன். இதுலதான் சரியா இருக்கு, ஓட்டா."

ஒட்டகர் ப்ளூரேயின் உறையைத் திருப்பிப் பார்த்தார். நாலு நிமிஷம் நீளம் என்பதை மட்டும் மெதுவாகச் சொல்லிவைத்தார்.

"இருக்காதா பின்னே? இது கொட்டகையில ஓடின வேகம். மத்ததெல்லாம் டிவிக்காகக் கொஞ்சம் வேகமா ஓடவிட்டது. தட்டு வேகமாச் சுத்தினா குரல் ஏறும், பாட்டும் சீக்கிரம் முடியும். கிராமபோன் பார்த்ததில்லையா நீ?"

ஒட்டகர் நோட்டை மூடினார். நாற்பது பக்கம் பச்சை நீலம் எழுதியவர் அவர். ஒரு வரிகூட எழுதாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல், அடுப்படியில் நின்றே முழுப் படத்தையும் இவள் ஒப்பிட்டு வைத்திருக்கிறாள். முப்பது வருஷமாகத் தன்னந்தனியாக ரசிப்பதாக எண்ணிக்கொண்டிருந்த மனிதருக்கு, கதவுக்கு அந்தப் பக்கம் தன்னைவிடப் பெரிய ரசிகை ஒருத்தி நின்றிருந்தாள் என்று இப்போதுதான் தெரிந்தது. தோற்றவருக்கு வர வேண்டிய வருத்தம் வரவில்லை. பெருமைதான் வந்தது. ஒரு சுவர் என்ன, நாலு சுவரும் அவளுக்குத் தகும் என்று தோன்றியது. ஜன்னல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பந்தயத்துக்காக இல்லை, யாரும் கேட்டதற்காகவும் இல்லை, என் சொந்த முடிவாக, முழு மனசோடு இந்தச் சுவரை உனக்குத் தருகிறேன் என்று ஒரு சிறு பிரசங்கம் செய்தார். நல்ல பிரசங்கம். அவருக்கே பிடித்திருந்தது.

பாதியில் அழைப்பு மணி அடித்தது.

கதவுக்கு வெளியே பாடகர் குழுவின் கனத்த குரல்காரர்கள் நாலு பேர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், படிக்கட்டின் திருப்பத்தில், கம்பளி போர்த்திய பியானோ. லுமீர் சட்டைக் கையை மடித்துவிட்டு எழுந்தார். தன் பையிலிருந்து பாரம் தூக்கும் வார்ப்பட்டை இரண்டை எடுத்தார். அலமாரியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனைக்கு வரும்படி ஒட்டகருக்குத் தலையை ஆட்டினார்.

"எப்ப வரச் சொன்ன இவங்களை?" என்று ஒட்டகர் கேட்டார்.

"நவம்பர்லயே சொல்லிட்டேன்" என்றாள் யர்மிலா, கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டே. "நீ ஜெயிச்சிருந்தாலும் இன்னிக்கு மூணு மணிக்குத்தான் வந்திருப்பாங்க."