சான்றிதழ் பெற்ற புளி

உலக மக்களின் வயிற்றைக் காக்கும் மகத்தான பொறுப்பு ஜவ்வாது மலையில் எங்கள் புளி உற்பத்தியாளர் சங்கத்தின் தலையில் வந்து விழுந்தது. செயலாளன் என்ற முறையில் எனக்கும் அந்தப் புண்ணியத்தில் பங்கு உண்டு.

வெளிநாட்டுக்குப் புளி அனுப்புவது என்று முடிவானதும் ஆலோசகர் கோபால்சாமி ஜமுனாமரத்தூருக்கு எழுந்தருளினார். உணவுப் பாதுகாப்புச் சான்று, முஸ்லிம்களுக்காக ஹலால் சான்று, யூதர்களுக்காகக் கோஷர் சான்று எல்லாம் வேண்டும் என்றார். கொட்டை எடுக்கும் பெண்களின் தலைவி பாஞ்சாலைக்கு ஒரு சந்தேகம்.

“புளியில இன்னாங்க கறி இருக்கப்போவுது?”

“இல்லேன்னு உங்களுக்குத் தெரியும்மா, புளிக்கும் தெரியும். பேப்பருக்குத் தெரியணும் இல்ல?”

கூட்டம் மெய்மறந்தது.

அடுத்து, புளியில் விழுந்துவிடும் என்று பெண்களின் பூ, பொட்டு, வளையலுக்குத் ‘தடை’ வந்தது. பூவையும் பொட்டையும் பாஞ்சாலை விட்டுக்கொடுத்தார். புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில் வளையலை மட்டும் கழற்ற முடியாது என்றுவிட்டார். கடைசியில் முழங்கைவரை கையுறை என்று சமரசம் ஆனது.

சான்றிதழ்கள் வந்தன. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினோம். லாரியில் ஏற்றும் நாளன்று ஒரு மூட்டையில் பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு கிடைத்தது. பாஞ்சாலையின் வளையலும் பச்சைதான். அவர் முகம் செத்துவிட்டது.

ஆலோசகர் கலங்கவில்லை. அத்தனை மூட்டையும் ‘ஏற்றுமதிக்குத் தகுதியற்றது’ என்று அறிவித்து, அடிவாரத்தில் ஒடுகத்தூர்க் கடைகளுக்குத் தள்ளிவிடச் சொன்னார்.

“அங்கயும் மனுசங்கதானங்க துன்றாங்க?” என்றார் பாஞ்சாலை.

“மனுசங்கதாம்மா. ஆனா அவங்க சான்றிதழ் கேக்கறதில்லையே.”

 பாஞ்சாலை சுவர்ப்பக்கம் திரும்பி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். மூட்டைகளைக் கொட்டி, புளியைப் பிரித்துப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தார். மற்ற பெண்களும் கூடவே உட்கார்ந்தார்கள். அந்த வாரம் முழுக்க அதே வேலை. இன்னும் சில துண்டுகள் அகப்பட்டன. அதன்பிறகே மூட்டைகளை ஒடுகத்தூருக்கு இறக்க விட்டார்.

சங்கம் அவசரமாகக் கூடியது. யாருமே கேட்காத சுத்தத்தை யாரைக் கேட்டுச் செய்தார்கள் என்று ஆலோசகர் விளக்கம் கேட்டார். நியாயமான கேள்வி. ‘அனுமதியின்றிச் சுத்தம் செய்த’ குற்றத்துக்காகப் பாஞ்சாலையைக் கண்டிப்பதென்றும், உள்ளூர் வயிறுகளுக்கு இத்தகைய சலுகை இனி கிடையாதென்றும் ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

அதை முன்மொழியும் பெருமை எனக்குக் கிடைத்தது. என் வீடு ஒடுகத்தூரில்தான் இருக்கிறது.