ஞானிகள் இன்னும் வந்து சேரவில்லை

கிறிஸ்துமஸுக்கு எட்டு நாள் இருக்கும்போது வரைபடக்காரர் ஒரு வீரசபதம் எடுத்தார். வானமே இடிந்து தலையில் விழுந்தாலும் பாலர் வகுப்பை ஏற்றுக்கொள்வதில்லை.

சபதம் எடுக்கிற அளவுக்கு விஷயம் முற்றியிருந்தது. ஆலயத்தை ஒட்டிய சின்ன அறையில், ஞாயிறுதோறும் ஆராதனை நேரத்தில், பதினொரு பொடிசுகளுக்கு வேதம் சொல்லிக்கொடுப்பவள் அவருடைய மனைவி. ஆறு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறாள். அதாவது, ஆறு வருடமாக ஒரு பிரசங்கத்தைக்கூட அவள் கேட்டதில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "ஆமென்" மட்டும் வரும். எதற்கு ஆமென் என்பது தெரியாது.

இவரோ அந்த ஆறு வருடமும் நான்காவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்து, போதகர் சொல்கிற வசனத்தின் எண்ணைச் சரிபார்ப்பார். பிசகு இருந்தால், வாசலில் கைகுலுக்கும்போது தாழ்ந்த குரலில் தெரியப்படுத்துவார். போதகர் அவரிடம் மட்டும் கையைச் சீக்கிரம் விடுவித்துக்கொள்வது வழக்கம். வாரம் முழுக்கப் பொறியாளரின் கிறுக்கலைப் பார்த்துக் கட்டட வரைபடம் வரைகிற மனிதருக்கு, பிறர் பிழையைக் கண்டுபிடிக்கிற அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிய இளைப்பாறுதல் என்பது பிழை கண்டுபிடிப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த வருடம் மனைவி மூன்று முறை கேட்டுப் பார்த்துவிட்டாள்.

"கொஞ்ச நாளைக்கு நீங்க எடுங்களேன். நானும் ஒரு தடவை உள்ள உக்காந்து பிரசங்கம் கேக்கணும்ல?"

"எனக்குக் கட்டடம்தான் வரும். கட்டடம் வெச்ச இடத்துல நிக்கும். உன் பிள்ளைங்க நிக்குமா?"

நான்காவது முறை அவள் கேட்கவில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. வெற்றி பெற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் அலுவலகம் முடிந்து வந்தால், சாப்பாட்டு மேஜையில் அவர் தட்டு வைக்கிற இடத்தில் ஒரு மாட்டுத்தொழுவம் இருந்தது. செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் செய்தது. பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. திங்கட்கிழமை பிள்ளைகளுக்குக் கைவேலை வகுப்பு. அதற்கு இது மாதிரி. உள்ளே பஞ்சு ஒட்டிய ஆடுகள். காகிதச் சுருளில் செய்த மேய்ப்பர்கள். தீப்பெட்டியில் மாட்டுத் தீனித்தொட்டியாகிய முன்னணை, அதில் பாலகன். எல்லாருக்கும் முன்னால், முன்னணையை மறைத்துக்கொண்டு, நட்சத்திரத்தைப் பின்பற்றிப் பாலகனைத் தேடி வந்த மூன்று ஞானிகள், ஜிகினாக் கிரீடத்தோடு.

வரைபடக்காரர் கை கழுவப் போனார். பாதி வழியில் திரும்பி வந்தார்.

"இதென்ன, ஒட்டகம் ஆட்டைவிடச் சின்னதா இருக்கு?"

"தூரத்துல வருதுன்னு வெச்சுக்கங்க."

"தூரத்துல வர்றது எப்படித் தொழுவத்துக்குள்ள இருக்கும்?"

"அட்டை தீந்துபோச்சுங்க."

"சரி, ஒட்டகத்த விடு. இந்த மூணு பேருக்கு இங்க என்ன வேலை? ஞானிகள் வந்தது வீட்டுக்கு. தொழுவத்துக்கு இல்ல. அதுவும் எவ்வளவோ நாள் கழிச்சு. மூணு பேருன்னும் எங்கயும் எழுதல. காணிக்கைதான் மூணு."

"அப்படியா?" என்றாள் மனைவி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஆறு வருஷமா நான் இப்படித்தான செஞ்சுட்டு வரேன்."

"ஆறு வருஷமாவா?" அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அறுபது எழுபது பிள்ளைகள் தப்பான தொழுவத்தோடு வாழ்க்கையில் இறங்கிவிட்ட காட்சி கண் முன்னால் ஓடியது.

"பொடிசுங்கதான, அதுங்களுக்கு என்ன தெரியப்போகுது. நீங்க சாப்பிடுங்க."

இதற்குமேல் எந்தப் படித்த மனிதர் சாப்பிடுவார்? திங்கட்கிழமை விடுப்பு எடுப்பதென்று சோறு ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது. ஒரே ஒரு நாள். பிழையைத் திருத்தும் மட்டும். வகுப்பு எடுப்பதில்லை என்ற சபதம் சபதமாகவே இருக்கும். இது வெறும் மேற்பார்வை.

திங்கட்கிழமை காலை அளவுகோல், மூலைமட்டம், சீவிய பென்சில் ஏழு சகிதமாக அவர் அறைக்குள் நுழைந்தார். பதினொரு பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு பையன் ஏற்கெனவே பசையைத் தின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பசைக்காரன் என்றே பெயர். பக்கத்தில், எதைச் சொன்னாலும் கேள்வி கேட்பதால் கேள்விக்குறி என்று பட்டம் வாங்கிய ஆறு வயதுப் பெண். மனைவி மூலையில் நாற்காலி போட்டுக்கொண்டு காகிதம் கத்தரித்தாள்.

முதல் வேலையாக அவர் ஞானிகளைத் தொழுவத்திலிருந்து வெளியேற்றி, கதவோரச் சுவரில் ஒட்டினார்.

"அங்கிள், அவங்களை ஏன் வெளிய போட்டீங்க?" என்றாள் கேள்விக்குறி.

"அவங்க இன்னும் வந்து சேரலைம்மா. நடந்துட்டு இருக்காங்க."

"பாப்பாவ அவங்க பாத்திருக்காங்களா?"

"இல்ல."

"வீடு தெரியுமா?"

"தெரியாது. நட்சத்திரம் மட்டும் தெரியும்."

"வீடு தெரியாம, பாப்பாவையும் பாக்காம, எப்படிக் கெளம்புனாங்க?"

வரைபடக்காரர் மனதுக்குள் வசன எண்ணைத் தேடினார். "இருப்பாருன்னு நம்பினாங்க" என்றார். சொன்ன பிறகு, ஆறு வருடம் நான்காவது வரிசையில் உட்கார்ந்தும் இவ்வளவு சின்ன வாக்கியம் தன் வாயில் வந்ததில்லையே என்று அவருக்கே லேசாக ஆச்சரியமாக இருந்தது.

"பசிக்கும்ல?" என்றான் பசைக்காரன்.

அவ்வளவுதான். வகுப்பு அவர் கையிலிருந்து நழுவியது. ஒருத்தி பயணத்துக்கு ரொட்டி வரைந்து கத்தரித்தாள். ஒட்டகத்தைவிடப் பெரிய ரொட்டி. ஒருவன் குளிருக்குப் பஞ்சுப் போர்வை ஒட்டினான். இன்னொருவன் தண்ணீர்ப் பானை. மூன்றே பேர் என்று எழுதவில்லை என அவர் சொல்லி வைத்ததால் நான்காவது ஞானி ஒருத்தி பிறந்தாள். கேள்விக்குறியின் சாடையில் இருந்தாள். வரைபடக்காரரின் கை இரண்டு முறை அளவுகோலுக்குப் போனது. இரண்டு முறையும் திரும்பி வந்தது. ரொட்டியை அவரே ஒட்டினார்.

"எப்ப வந்து சேருவாங்க?" என்று கேட்டாள் கேள்விக்குறி.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். உண்மைக்கும் அவருக்கும் இருந்த உறவு அவரை விடவில்லை. "சுவிசேஷத்துல, நட்சத்திரம் எப்பத் தெரிஞ்சுதுன்னு ராஜா அவங்ககிட்ட விசாரிச்ச கணக்கப் பாத்தா, ரெண்டு வருஷம் வரைக்கும் ஆகியிருக்கலாம்."

"அதுவரைக்கும் அவங்கள யாரு நடத்துவா?"

"டீச்சர் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா..."

"டீச்சர் வெச்சா ஒரே நாள்ல வந்துருவாங்க," என்றாள் கேள்விக்குறி. "போன வருஷம் அப்படித்தான் வந்துட்டாங்க."

மூலையில் கத்தரிக்கோல் ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது.

அன்று சாயங்காலம் வரைபடக்காரர் மேஜையில் பெரிய தாளை விரித்தார். ஞானிகளின் பாதை அறையின் நாலு சுவரையும் சுற்றி வரும். வாரத்துக்கு ஒரு கட்டம். இரண்டு வருடத்துக்கு நூற்றுநாலு கட்டம். சுவருக்கு இருபத்தாறு. மீதியே இல்லாமல் வகுபட்டதில் அவருக்கு ஏற்பட்ட ஆனந்தத்தை வார்த்தையில் அடக்க முடியாது. எந்த வாரம் பாலைவனம், எந்த வாரம் கிணறு, எந்த வாரம் மேகம் வந்து நட்சத்திரம் மறையும், அன்றைக்குப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதுவரை குறித்தார். கீழே வலது மூலையில், அலுவலகத்தில் போடுவதுபோலவே, ஒரு பெட்டி. தலைப்பு. அளவு. தேதி. வரைந்தவர். பொறுப்பாளர். முதல் நாலையும் நிரப்பினார்.

மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். தாளை ஆற அமரப் பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்குங்க. இந்தக் கடைசிக் கட்டம் மட்டும் காலியா இருக்கே?"

"எது?"

"பொறுப்பாளர்னு போட்டிருக்கீங்களே. அது."

இருபது வருடத் தொழிலில் காலிக் கட்டத்தோடு ஒரு தாளை அவர் மேஜையைவிட்டு அனுப்பியதில்லை. கை தன் பாட்டில் போய்த் தன் பெயரை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுவிட்டது. மனைவி மை காயட்டும் என்று மெதுவாக ஊதினாள்.

அடுத்த ஞாயிறு, அறிவிப்பு நேரத்தில், போதகர் அந்தத் தாளை இரண்டு கையாலும் விரித்துச் சபை முழுதுக்கும் காட்டினார்.

"நம்ம சகோதரர் பாலர் வகுப்பைத் தானே முன்வந்து ஏத்துக்கிட்டார். ஒரு வாரம் ரெண்டு வாரம் இல்ல, நூத்திநாலு வாரத்துக்குத் திட்டம் போட்டுக் கையெழுத்தோட குடுத்திருக்கார். இந்த மாதிரி ஒரு அர்ப்பணிப்பை நான் பாத்ததில்ல. அடுத்த ஞாயிறே ஆரம்பிக்கிறார்."

சபை ஆமென் என்றது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் போதகரே. அன்று வாசலில் அவர் வரைபடக்காரரின் கையை வெகுநேரம் விடவில்லை.

"வாரந்தவறாம நீங்க அந்தப் பக்கம் பிள்ளைங்களோட இருப்பீங்க," என்றார், முகமெல்லாம் மலர. "எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா?"

அடுத்த ஞாயிறு வந்தது. நாலு ஞானிகளும் ஒரு கட்டம் நகர்ந்தார்கள். பசைக்காரன் அவர்களுக்குச் செருப்பு ஒட்டினான், ஒட்டகத்துக்கும் சேர்த்து. கேள்விக்குறி பதினேழு கேள்வி கேட்டாள். அதில் ஒன்பதுக்கு வரைபடக்காரருக்கு விடை தெரியவில்லை. வீட்டுக்கு வரும்போது சட்டைக் கையில் பஞ்சும் தலையில் ஜிகினாவும் இருந்தன. அவர் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்ததாகத் தெருவில் பார்த்தவர்கள் சொன்னார்கள். அவர் அதை மறுத்தார்.

மனைவி அவருக்கு முன்பே வந்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"ஒண்ணு மட்டும் சொல்லு," என்றார். "ஞானிகள் வீட்டுக்குத்தான் வந்தாங்கன்னு உனக்கு முன்னாடியே தெரியும்தான?"

"ஆறு வருஷம் டீச்சரா இருந்திருக்கேங்க. தெரியாம இருக்குமா?"

"அந்த ஒட்டகம்?"

"அதுக்கு மட்டும் மூணு தடவை அட்டை வெட்ட வேண்டியதாப் போச்சு. முதல் ரெண்டும் சரியான அளவுல வந்துருச்சு."

அவர் பெருமூச்சு விட்டார். போனது போகட்டும். ஆறு வருடம் ஏங்கியவள். அவளுக்காவது ஆசை நிறைவேறியதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சரி, இன்னிக்குப் பிரசங்கம் எதைப் பத்தி?"

"யாருக்குத் தெரியும்," என்றாள் மனைவி, கொட்டாவியை அடக்கிக்கொண்டே. "நாலாவது வரிசை ஓரத்துல அப்படி ஒரு தூக்கம் வருதுங்க."