ஆறு தக்காளிச் செடிகளும் மூன்று வேளைத் தண்ணீரும்

ஒரு மாதத்துக்கு, ஒரு இலைகூட மஞ்சளாகாமல், ஆறு தக்காளிச் செடிகளை வளர்த்துக் காட்டுகிறேன் என்று மனைவியிடம் சவால் விட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் விட்டேன்.

காரணம் எங்கள் பால்கனி. அதில் ஒரு நாற்காலி போடலாம், இல்லையென்றால் ஒரு தையல் மெஷின் போடலாம். இரண்டுக்கும் சேர்த்து இடமில்லை. நாற்காலி என்னுடையது, மெஷின் அவளுடையது. படுக்கையறை இருட்டில் நூல் கோத்துக் கோத்துக் கண்ணே போகிறது என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஜெயித்தால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. தோற்றால் நாற்காலி உள்ளே வரும். அவள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

எனக்கு மருந்துக்கடையில் வேலை. பதினெட்டு வருஷமாக மனுஷர்களையே தேற்றி அனுப்புகிறவனுக்குச் செடி எம்மாத்திரம்? கடையில் காலியான பெரிய மாத்திரை டப்பாக்கள் ஆறைக் கொண்டுவந்து, மண் நிரப்பி, டப்பாவுக்கு ஒரு நாற்று நட்டு, பால்கனி ஓரத்தில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டினேன்: தண்ணீர், ஒரு டம்ளர், காலை, மதியம், இரவு. மதிய வேளைக்காகவே வீட்டுக்கு வந்து போனேன்.

பத்தாம் நாள் அடி இலைகள் மஞ்சளாயின. பார்த்ததுமே சொல்லிவிட்டேன், ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையைப் பொடித்துப் போட்டேன். இன்னும் மஞ்சளாயின. வைட்டமின் சிரப் ஊற்றினேன். எறும்புகளுக்கு உடம்பு தேறியது.

மிச்சமிருந்தது அறுவை சிகிச்சைதான். தினமும் வேலைக்குக் கிளம்பும்போது, அவள் சமையலறையில் இருக்கிற நேரமாகப் பார்த்து, மஞ்சள் இலைகளைக் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். வழியில் எறிய வேண்டும் என்று நினைப்பேன். கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் மறந்துவிடும். செடிகள் அடியில் மொட்டையாக நின்றன. வளர்ந்துவிட்டதாக நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் டப்பாக்களுக்கு அடியில் தட்டுகள் வந்திருந்தன. செடிகள்மீது அவளுக்கும் மரியாதை வந்துவிட்டது என்று நினைத்தேன். சில நாளில் மஞ்சள் நின்றது, புதுத் துளிர் விட்டது. மருந்து கேட்க நாளாகும் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது பொய்யில்லை என்று அன்றைக்குத்தான் நானும் நம்பினேன்.

முப்பதாம் நாள் அவளைப் பால்கனிக்குக் கூப்பிட்டேன்.

"பாரு. ஒரு இலையாவது மஞ்சளா இருக்கா?"

"இல்லைங்க."

"எல்லாம் இரும்புச்சத்து."

"இருக்கும். அந்த டப்பாவைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க."

தூக்கினேன். அடியில் ஐந்து ஓட்டைகள்.

"இது யார் போட்டது?"

"நான்தான். கோணி ஊசியைக் காய்ச்சிக் குத்தினேன். மூணு வேளையும் ஊத்தறீங்க, தண்ணி வடிய வழியே இல்லை. வேர் அழுகுனா அடி இலைதானே முதல்ல போகும்? தட்டுல வடியறதையும் நான்தான் கொட்டறேன்."

எனக்கு மனசு இளகிவிட்டது. "அப்போ நான் ஜெயிக்கணும்னு நீயே பாடுபட்டிருக்கே."

"செடி என்னங்க பாவம் பண்ணுச்சு?"

உள்ளே போய்ப் பட்டன் போட்டுவைக்கும் டப்பாவைக் கொண்டுவந்து என்முன் திறந்தாள். பட்டன்கள் இல்லை. சுருங்கிக் காய்ந்த மஞ்சள் இலைகள்.

"உங்க சட்டையை யாரு துவைக்கிறாங்கன்னு நினைச்சீங்க? இருபத்துமூணு இருக்கு. எண்ணிக்கங்க."

நான் எண்ணவில்லை. சாயங்காலமே நாற்காலியை உள்ளே போட்டுவிட்டு, மெஷினைத் தூக்கிப் பால்கனியில் வைத்தேன். முழுக்க இரும்பு. இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் என் பையைத் துழாவி ஒரு வலி மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். கூடவே அவள் எழுதிய ஒரு சீட்டும் இருந்தது: ஒரு வேளை மட்டும்.